கேள்வி பதில்: உலைக் கசடு உலைச்சுவர் ஆகுமா?

கேள்வி: உலையிலிருந்து உருகி ஓடிவரும் கசட்டைக் கொண்டே, தீயைத் தாங்கும் செங்கல் செய்கிறார்கள் என்று படித்தேன். ஏற்கெனவே உருகிய பொருள், பிறகு எப்படி உருகாமல் நிற்கும்? (வாசகர், சேலம்)

பதில்: நியாயமான ஐயம். சிட்டம் என்றும் கிட்டம் என்றும் நம் முன்னோர் அழைத்த கசடு, எல்லா உலைகளிலும் ஒரே பொருள் அன்று. இரும்பு ஊது உலையில் சுண்ணாம்புக்கல்லைச் சேர்ப்பதே, தாதுவிலுள்ள மண்ணும் மணலும் எளிதில் உருகி வழிய வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கசடு ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகி ஓடிவிடும். ஆகையால் அது சிமெண்டுக்கு உகந்தது. உருக்கு உலையின் உட்சுவருக்கு ஆகாது.

இரும்பும் குரோமியமும் கலந்த ஃபெர்ரோகுரோம் என்ற உலோகக் கலவையின் கசட்டின் நிலை வேறு. குரோமியம் தரும் குரோமைட் தாதுவில், நம் நாட்டில் பெரும்பகுதி ஒடிசா மாநிலம் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடைக்கிறது; அதை மின் உலையில் உருக்கும்போது, 1 டன் உலோகத்துடன் 1 டன்னுக்கும் கூடுதலான கசடு வெளியேறுகிறது. இதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. மக்னீசியா (மக்னீசிய ஆக்சைடு), அலுமினா (அலுமினிய ஆக்சைடு), சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) ஆகிய மூன்றுமே மிகுதி. மெதுவாக ஆறவிட்டால், மக்னீசியாவும் அலுமினாவும் கூடிய, 2,135 டிகிரியில் உருகும் ஸ்பினெல்லும், மக்னீசியாவும் சிலிக்காவும் கூடிய, 1,890 டிகிரியில் உருகும் ஃபார்ஸ்டரைட்டும் படிகங்களாகப் பிரிந்து நிற்கின்றன. இவற்றுக்கிடையே கண்ணாடி போன்ற ஒரு பகுதியும் தங்கிவிடுகிறது. செங்கல்லின் வலிமையைத் தீர்மானிப்பது இந்தக் கண்ணாடிதான். ஏனெனில், படிகங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அவற்றைச் சூழ்ந்த கண்ணாடி முதலில் இளகினால் சுமையின் கீழ் கல் சரிந்துவிடும். கசட்டைப் பொடித்து, மக்னீசியா கலந்து மீண்டும் சுடும்போது, கண்ணாடியிலுள்ள சிலிக்கா மக்னீசியாவுடன் கூடிப் புதிய ஃபார்ஸ்டரைட்டாக மாறுகிறது. வேலையின் சாரம் இதுவே.

இன்னும் உயர்ந்த சரக்கு ஒன்று உண்டு. குரோமிய ஆக்சைடோடு அலுமினியத் தூளைச் சேர்த்துப் பற்றவைத்துத் தூய குரோமியம் எடுக்கும் முறையில், கணக்குப்படி 104 கிலோ உலோகத்துக்கு 102 கிலோ அலுமினா கசடாகக் கிடைக்கிறது. சிறிது குரோமியம் கலந்து இளஞ்சிவப்பாகத் தோன்றும் இது, வேறொன்றுமில்லை, அலுமினாவின் படிக வடிவமான குருந்தமே. (அந்தக் கனிமத்தின் ஆங்கிலப் பெயரான ‘கொரண்டம்’ என்பதும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததே.) தனி மின் உலை வைத்து, ஏராளமான மின்சாரம் செலவிட்டு உருக்கிப் பெற வேண்டிய பொருள், ஏற்கெனவே உருகிய நிலையில் கையில் கிடைக்கும்போது, அதைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளைக்கல்லுக்கு இதில் இடமுண்டா? (அதே வாசகர்)

பதில்: உண்டு. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டைச் சுட்டால், கரியமில வாயு நீங்கி மக்னீசியா எஞ்சும். தூய கல்லாயின், 100 கிலோவுக்குச் சுமார் 48 கிலோ. மக்னீசியாவும் சிலிக்காவும் சம மூலக்கூறு விகிதத்தில் உள்ள கசடு 100 கிலோவை முழுவதும் ஃபார்ஸ்டரைட்டாக மாற்ற 40 கிலோ மக்னீசியா தேவை. அதாவது ஏறத்தாழ 84 கிலோ வெள்ளைக்கல். ஆனால் சேலத்துக் கல்லில் சிலிக்கா கலந்திருப்பதால், கூட்டும் அளவைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: குரோமியம் நஞ்சு என்கிறார்களே, அந்தச் செங்கல்லைக் கையாளலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: கசட்டில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், அது நீரில் எளிதில் கரையாது. காற்றுப்படும் சூட்டில் சுண்ணாம்போடோ காரப்பொருளோடோ சேர்ந்தால், அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறலாம். அது நீரில் கரையும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே, சுண்ணாம்பு மிகுந்த அலுமினா சிமெண்டைப் பிணைப்பாகச் சேர்த்து இக்கசட்டை வார்ப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வாங்கும் கசட்டை மட்டும் நீரில் ஊறவைத்துச் சோதித்து நிறைவடைவது போதாது. உலையில் உழைத்து முடித்து உடைத்தெடுக்கும் பழைய கற்களையும், மழை படும் இடத்தில் குவிப்பதற்கு முன்பே, அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.