சுற்றி யாரும் புத்தகம் படிக்காதபோது, நிறையப் படிப்பவர் என்ன செய்வது?

படித்ததைப் பேச ஆள் இல்லாமல் தனித்துப்போனதாக உணர்கிறீர்கள். புரிகிறது. ஆனால் படிக்காதவர்களுக்குக் கதையே பிடிக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பலருக்கு அலுப்பு தருவது தடிமனான புத்தகத்தைக் கையில் எடுப்பதுதான். வாசித்துக் காட்டினால் காது கொடுப்பார்கள்.

கியூபாவின் ஹவானாவில், 1865 முதல், சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே காசு போட்டு, வேலை நேரத்தில் சத்தமாக வாசிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டார்கள். செய்தித்தாளும் வாசிப்பார், நாவலும் வாசிப்பார். கேட்டவர்களில் எழுத்தறியாதவர்களும் ஏராளம். கை பாட்டுக்குப் புகையிலையைச் சுருட்டும், காது கதையில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வாசகர் கூட்டம் இதுதான்.

அதனால் "இதைப் படி, அதைப் படி" என்று யாரையும் நச்சரிக்க வேண்டாம். உங்களைப் பிடித்து நிறுத்திய பத்தியை, அரைப் பக்கம் போதும், வாய்விட்டு வாசியுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கேட்கவில்லையா, சரி, வேறு பேச்சுக்குப் போய்விடலாம். சொல்ல ஆளில்லாமல் மனத்தில் தங்குவதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எந்த வரியில் நின்றீர்கள், ஆசிரியரோடு எங்கே முரண்பட்டீர்கள் என்று.