அப்பா "மதி" என்கிறார்

கேள்வி: எங்களுக்குக் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். அப்பாவுக்கு 63 வயது, நாற்பது வருஷமாகத் தேங்காய் வியாபாரம். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. நாங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் "வெள்ளம்", "மதி", "அது" என்று நாலைந்து வார்த்தைதான் வருகிறது, அதிலும் பாதி மலையாளம். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், நான் தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். "தண்ணின்னு சொல்லுங்க" என்று அம்மா திருத்திக்கொண்டே இருக்கிறார். சோறு அம்மாதான் ஊட்டுகிறார். ஒவ்வொரு வாய்க்கும் அப்பா "மதி, மதி" என்று அழுகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு உழிச்சிலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் வைத்தியத்துக்கு, கொண்டுபோகச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறான், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்கிறான். அப்பா பழையபடி பேசுவாரா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் அப்பா "மதி" என்கிறார். மலையாளத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். அது உளறல் இல்லை. மிச்சமிருக்கும் நாலைந்து வார்த்தையில் சரியான ஒன்றைத் தேடி எடுத்து, சரியான இடத்தில் வைக்கிறார். மலையாளத்தில் வந்தது என்பதால் அது உங்கள் வீட்டில் யார் காதிலும் விழாமல் போகிறது.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்தும் இடம் இடது மூளையில் இருக்கிறது. வலது கைகாலை நடத்துவதும் அந்தப் பக்கம்தான், அதனால்தான் இரண்டும் சேர்ந்து விழுகின்றன. 1861-ல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர் "டான்" என்ற ஒரே சொல்லைத் தவிர வேறெதுவும் பேச முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். சொல்வது அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. அந்த மனிதர் இறந்த பிறகு பார்த்தபோது இடது மூளையின் முன்பகுதி கெட்டுப்போயிருந்தது. மூளை பாதித்துப் பேச்சு இப்படி வராமல் போவதை இப்போது அபேசியா என்கிறார்கள். அறிவு மங்குவது வேறு, இது வேறு. உங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது. வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

மலையாளம் முந்திக்கொண்டதில் அம்மா மனசு நோக ஒன்றுமில்லை. நாற்பது வருஷம் சந்தையிலும் தோப்பிலும் பேசிய பாஷை அது. இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே திரும்பும். சிலருக்கு ஒன்று முந்தும். எது முந்தினாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். "வெள்ளம்" என்றால் உடனே தண்ணீர் கொடுங்கள். கொடுக்கும்போது "தண்ணி" என்று ஒரு தரம் சும்மா சொல்லுங்கள், போதும். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் டீச்சர், உங்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். ஸ்பீச் தெரபிஸ்ட் மலையாளப் படச்சீட்டு மட்டும் கொடுத்தால், வீட்டில் புழங்கும் தமிழ் வார்த்தைகளை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் பழக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று முயன்று பாருங்கள். ஒரு மூட்டைத் தேங்காயை அவர் முன்னால் கொட்டுங்கள். தேங்காய்க்காரர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லையே, "லாபம்" என்றுதானே தொடங்குவார்கள்? இடது கையால் ஒவ்வொன்றாய் எடுத்துப்போடச் சொல்லி, "லாபம்" என்று நீங்கள் எடுத்துக் கொடுங்கள். "ரெண்டு, மூணு" அவரிடமிருந்து வரலாம். எண்ணிக்கை, சாமி பாட்டு, கோபத்தில் வரும் வசவு, இவையெல்லாம் யோசித்துச் சொல்லும் பேச்சு போன பிறகும் பலருக்குத் தங்கிவிடுகின்றன. முதல் நாள் வரவில்லை என்றால் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

என் அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். அம்மா "க... க..." என்று திணறினால், காபியா, கதவா, கண்ணாடியா என்று பத்து வார்த்தையைக் கொட்டுவேன். உதவி செய்வதாக நினைப்பு. ஒரு நாள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. அதன் பிறகுதான் பேசாமல் பக்கத்தில் உட்காரக் கற்றுக்கொண்டேன். டி.வி.யை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்தபடி, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும் வரை இருங்கள். அந்தப் பத்து ரொம்ப நீளம். ஆனால் வார்த்தை அதற்குள்தான் வந்தது.

ஊட்டுவதும் அப்படித்தான். நாலு மாதமாகிவிட்டது, இடது கை நன்றாக இருக்கிறது. நேராக உட்காரவைத்து, குழிந்த தட்டும் ஸ்பூனும் கொடுங்கள். சிந்தட்டும். விழுங்கும்போது இருமினாலோ, தண்ணீர் குடித்ததும் குரல் நீர் கோத்தது போல மாறினாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும், வந்தால் லேசில் போகாத வலி அது.

உழிச்சில் பற்றி: உங்கள் ஊர்ப்பக்கம் அதன் மேல் இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். ஆனால் உணர்ச்சி குறைந்த கையில் எண்ணெயின் சூடு தெரியாது, வெந்துபோகும். அந்தத் தோளை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும்தான் இரண்டாவது பக்கவாதத்தைத் தடுத்து நிற்கின்றன.

பழையபடி பேசுவாரா என்கிறீர்கள். முழுக்க வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல் மூன்று மாதத்தில் வேகமாகத் தேறும், பிறகு வேகம் குறையும். நின்றுபோவதில்லை. ஒரு வருஷம் தாண்டியும் புது வார்த்தை வந்தவர்கள் உண்டு. அழுகையைக் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

கேரளத்தில் 2008 முதல் பாலியேட்டிவ் பராமரிப்புக்கென்று, அதாவது தீராத நோயில் வேதனையைக் குறைத்துக் கவனித்துக்கொள்வதற்கென்று, அரசுக் கொள்கை இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமானது அல்ல அது. பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருவார். வார்டு மெம்பரிடமோ ஊரில் வீடுவீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளரிடமோ பெயர் கொடுங்கள். எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வரும்.

தம்பி சொல்லும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டுங்கள், தவறில்லை. ஆனால் இப்போது தேவைப்படும் வேலை தினமும் வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டியது. அம்மா ராத்திரி எத்தனை முறை எழுகிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. நாலு மாதமாக அந்த அம்மா ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார். தம்பியிடம் சொல்லுங்கள்: பணம் வந்தது, சந்தோஷம். இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம் வந்து, அன்று ராத்திரி அப்பா பக்கத்தில் நீ படு, அம்மா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.