பர்வதமலை: இறக்கத்துக்குத் தயாராவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நண்பர்கள் நால்வர், உச்சியில் சிவன் கோயில் உள்ள திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறினோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது, எனக்குக் கால்கள் நடுங்கின, இரண்டு கால்விரல் நகங்கள் கறுத்துவிட்டன. தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவன் நான். எங்கே தவறினோம்? அடுத்த முறை அப்பாவும் வருகிறேன் என்கிறார். வயது 58. வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டுதல்.

கா., ஆரணி

அன்புள்ள கா.,

நீங்கள் சொன்ன மூன்றுமே இறக்கத்தில் நடந்தவை. மூச்சு வாங்குவதால் எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். இறங்கும்போதோ தொடையின் முன்தசை ஒவ்வொரு அடியிலும் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. சமதள நடையில் அதற்கு இந்த வேலை மிகக் குறைவு. அதனால்தான் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தும் கால் நடுங்கியது.

இதற்கு மருந்தும் இறக்கம்தான். ஒருமுறை நன்றாக இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வெகு குறைந்த வலியோடு தாங்கும். ஆகவே பர்வதமலைக்குப் பத்து நாள் முன்பு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குப் போங்கள். சுமார் 800 அடி உயரம், படிகள் உண்டு, காலையிலேயே முடித்துவிடலாம். அதற்கு முன் மூன்று வாரம், வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி. ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினால் பாதிப் பயிற்சி போச்சு. மெதுவாக, முழங்காலை லேசாக மடித்து இறங்குங்கள்.

நகம் கறுத்தது ஷூவால். இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி விரல் நுனி ஷூவில் மோதுகிறது. விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் நகம் வெட்டிக்கொள்ளுங்கள். உச்சியில் லேஸை அவிழ்த்து, குதிகாலைப் பின்னே தள்ளி, கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள். பல வருடம் பெட்டியில் கிடந்த பழைய ஷூ வேண்டாம். பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஈரக்காற்றில் அடிப்பகுதியின் நுரை உதிர்ந்து, பாதி வழியில் சோல் கழன்று வரும்.

தண்ணீர் ஒரு லிட்டர் போதவே போதாது. வெயிலில் ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வை போகும். ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கரையுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு சமதளத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதைத் தாண்டவே கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. வெறும் தண்ணீரையே வயிறு முட்டக் குடிப்பதும் தவறு, இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், கடலை மிட்டாய், பேரீச்சை. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். எல்லாம் பைக்குள் இருக்கட்டும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைக் குரங்கு விடாது.

கடப்பாறை நட்டுச் சங்கிலி கட்டிய பாறைப் பகுதிக்கு வருவோம். அங்கே இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோலப் பாறையைப் பார்த்தபடி இறங்குங்கள். முகத்தை வெளியே திருப்பி இறங்கினால் முதுகுப்பை பாறையில் இடித்து ஆளை முன்னே தள்ளும். முன்னவர் கடந்த பிறகே அடுத்தவர். நண்பகல் வெயிலில் இரும்பு கையைச் சுடும், நூல் கையுறை வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் அந்தச் சங்கிலியைத் தொடவே கூடாது.

விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். வனத்துறை அனுமதிக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும். இதைக் கீழேயே பேசி முடிவெடுங்கள். மேலே களைத்த பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். ஆளுக்கொரு டார்ச் கட்டாயம், போனின் வெளிச்சத்தை நம்பாதீர்கள். காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அப்பாவைப் பற்றி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அவற்றில் சில சிறுநீரை அதிகம் பிரியவைப்பவை, வெயிலில் தலைசுற்றலைக் கொண்டுவரும். செஞ்சிக்கு அவரையும் கூட்டிப்போங்கள், அங்கே தெரிந்துவிடும். வேண்டுதல் ஏறுவதற்குத்தானே? வெறுங்காலோடு ஏறட்டும். ஷூவும் சாக்ஸும் உங்கள் பையில் இருக்கட்டும். பாறை கொதிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் இறங்குவீர்கள். கையில் ஒரு மூங்கில் கம்பு கொடுங்கள், முழங்காலுக்குப் பாரம் குறையும். சங்கிலிப் பகுதி வந்ததும் கம்பை நீங்கள் வாங்கிப் பையில் செருகிக்கொண்டு, ஒருவர் முன்பே கீழே இறங்கி நிற்க, ஒருவர் மேலே காத்திருக்க, அவரை இறங்கச் சொல்லுங்கள்.