கேமிங் லேப்டாப்பில் காபிக்கொட்டை வறுபடுமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) ஓடும், எப்போதாவது ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (கணினிக்குள் போன் மாதிரி இயங்குவது). ராத்திரி நண்பர்களோடு வேலரன்ட் கேம், ஆள் சேராத நாளில் எல்டன் ரிங் கேம். மாதத்தில் ஒரு வாரம் ஏற்காட்டில் மாமா வீட்டிலிருந்து வேலை. புது லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று வாய்விட்டதிலிருந்து ஒரே கிண்டல். "கேமிங் லேப்டாப்பா வாங்கு, மாமா தோட்டத்துக் காபிக்கொட்டைய அதுலயே வறுத்துக்கலாம்" என்கிறான் ஒருவன். "கிராபிக்ஸ் கார்டு 4050-ன்னு ஸ்டிக்கர் இருந்தா போதும், ஸ்டிக்கரே கேம் ஆடும்" என்கிறான் அடுத்தவன். "16 ஜிபி ராம் தாராளம்டா, பாதி குரோமுக்கு, பாதி டாக்கருக்கு, மிச்சம் உனக்கு" என்று மூன்றாமவன். "மேக் வாங்கு, செஸ் இலவசம்" என்று நாலாமவன். நீங்களாவது உருப்படியாக ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: நாலு பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. கிண்டலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது, கடையில் நீங்கள் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்டன் ரிங் ஆடுவதால் உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்தான் சரி. வேலரன்ட் மட்டும் என்றால் அது வீண் செலவு. மிக லேசான கேம் அது. இப்போதைய பிராசஸர்களில் கூடவே வரும் கிராபிக்ஸே அதை நன்றாக ஓட்டிவிடும்.

காபிக்கொட்டைக்கு வருவோம். கொட்டை வறுபட ஏறக்குறைய 200 டிகிரி வேண்டும். லேப்டாப் பிராசஸர் 95 முதல் 100 டிகிரிக்குள் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆக, வறுக்க முடியாது; போட்ட காபி ஆறாமல் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சேலத்துக்காரர் லேப்டாப் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சூட்டைத்தான். பல கம்பெனிகள் தங்கள் லேப்டாப்புக்கு எழுதும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி. சித்திரை, வைகாசி மதியத்தில் ஏசி இல்லாத மாடி அறை அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

கடையில் ஏமாறுவதும் இங்கேதான். ஷோரூம் ஏசியில் 24 டிகிரி. அங்கே பிராசஸர் முழு வேகத்தில் 85 டிகிரி காட்டுகிறது என்றால், காற்றைவிட 61 டிகிரி கூட. இந்த ஏற்றம் எங்கே போனாலும் கிட்டத்தட்ட அப்படியே கூடவே வரும். உங்கள் அறை 36 டிகிரி என்றால் 36-ம் 61-ம் சேர்ந்து 97. கடையில் பறந்த லேப்டாப் வீட்டுக்கு வந்ததும் தடுமாறுவது இதனால்தான். பீஸ் மாறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

ஏற்காட்டுக் கணக்கு வேறு. அங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் எடை குறையும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட என்பதால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு ஈடாகிவிடும். 61 என்ற ஏற்றம் 67 ஆனது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறை 18 டிகிரி என்றால் மொத்தம் 85. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் அதே லேப்டாப் ஷோரூமில் இருந்தது மாதிரி நடந்துகொள்ளும்.

எனவே கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் பீஸில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவில் எடுத்துப் போங்கள், கடை வைஃபையை நம்ப வேண்டாம். ஒரே சுற்று ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஒரு நிமிடம் எல்லா லேப்டாப்பும் சிங்கம்தான். 10 நிமிடச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றின் மதிப்பெண்ணையும் கடைசிச் சுற்றின் மதிப்பெண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அடுத்த மாடலைப் பாருங்கள். ஏசியிலேயே மூச்சு வாங்குவது மே மாதத்தில் படுத்துவிடும்.

வாங்கிய பிறகும் சூட்டைக் குறைக்க வழி உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ, அதாவது பிராசஸர் தற்காலிகமாகக் கூட்டிக்கொள்ளும் வேகம், நின்றுவிடும். வேலை நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, சூடு 10 டிகிரிக்கு மேல் இறங்கும். பெரிய புராஜெக்டை கம்பைல் செய்யும்போது மட்டும் திரும்ப 100 வையுங்கள். எல்டன் ரிங் கணினியில் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகாது, அதற்காக நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வேலரன்டுக்கு அந்தத் திரை நிஜமாகவே உதவும், ஆனால் ஃபிரேமுக்கு 144 என்று வரம்பு போட்டுவிடுங்கள். வரம்பில்லாமல் விட்டால் திரை காட்டவே முடியாத ஃபிரேம்களை வரைந்து தள்ளி கிராபிக்ஸ் வீணாகக் கொதிக்கும். அடிப்பக்கம் பின்மூலை இரண்டிலும் தண்ணீர் பாட்டில் மூடி வைத்துத் தூக்கினாலே காற்று நன்றாகப் போகும். ஏற்காட்டில் கம்பளிக்கு மேல் வைத்து ஆடினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் பாழ்.

அடுத்து ஸ்டிக்கர். இந்த நண்பருக்குத் தனியாக ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4050, 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம், பெயர் ஒன்றுதான். உச்ச வேகமும் அதற்கேற்ப 1,605 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,370 வரை மாறும். பெட்டி மேல் இது பெரும்பாலும் இருக்காது. கடையில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கிராபிக்ஸ் பவர் என்ற வரியைப் பாருங்கள். 90 வாட்டுக்குக் கீழே என்றால் வேண்டாம்.

திறக்க விடவில்லையா, அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பிராசஸருக்கு 45, கிராபிக்ஸுக்கு 95, திரை, விசிறி, பேட்டரி சார்ஜ் எல்லாவற்றுக்கும் 30. ஆக 170 வாட். 180 அல்லது 200 வாட் அடாப்டர் கொடுத்தால் நியாயமான பொருள். 120 வாட் அடாப்டரோடு வரும் 4050 என்றால் எங்கேயோ கழுத்தை நெரித்திருக்கிறார்கள். இன்னொன்று: கரண்ட் போனதும் பேட்டரியில் கேம் பாதி வேகத்துக்கு இறங்குவது பழுதல்ல. அவ்வளவு வாட்டை பேட்டரியால் தர முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்தால் அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ராம் பற்றிய கிண்டல் கிட்டத்தட்ட துல்லியம். விண்டோஸில் டாக்கர் ஓட்டினால் பின்னணியில் டபிள்யூஎஸ்எல், அதாவது விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி, இருக்கும், மொத்த ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ள அதற்கு இயல்பாகவே அனுமதி உண்டு. 16-ல் 8 அங்கே. எமுலேட்டரும் சேர்ந்தால் திணறும். உங்களுக்கு 32 வேண்டும், ஆனால் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக, இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கும் மாடலை எடுத்து, பிறகு அதே வேகத்தில் இன்னொரு 16 போடுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்லாட் இரண்டில் ஒன்று பயன்பாட்டில் என்று இருக்கும். அங்கேயே ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் (கழற்றி மாட்டும் குச்சி) என்று இருந்தால் நல்லது. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது.

மேக்கில் வேலரன்ட் கிடையாது, எல்டன் ரிங்கும் கிடையாது, செஸ் உண்மையிலேயே உண்டு. வேலைக்கு மட்டும் என்றால் அருமையான பெட்டி.

உங்கள் நண்பர்கள் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. டாக்கருக்காக உபுண்டு லினக்ஸைத் தனியாகப் போடும் ஆசை உங்களுக்கு எப்படியும் வரும். விண்டோஸ் 11-இல் வேலரன்டில் ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் வேன்கார்டு, செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினி தொடங்கவிடும் காவல்) டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்) இயங்கினால்தான் திறக்கும். என்விடியா டிரைவருக்காக யாரோ சொன்னார்கள் என்று செக்யூர் பூட்டை அணைத்தால் அன்று இரவே வான் 9003 பிழை வந்து நிற்கும். அணைக்கவே தேவையில்லை. முதலில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை வேறெங்காவது எழுதி வையுங்கள். உபுண்டு நிறுவும்போது செக்யூர் பூட்டுக்கென்று ஒரு கடவுச்சொல் கேட்கும், கொடுங்கள். அடுத்த முறை கணினி திறக்கும்போது நீலத்திரை வரும். அதில் என்ரோல் மோக் (புதுச் சாவியைச் சேர்) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை அடியுங்கள். பெரும்பாலோர் பதற்றத்தில் மேலே இருக்கும் கன்டினியூ பூட்டைத் தட்டிவிடுகிறார்கள். அப்புறம் டிரைவர் ஏறாது, திரை மங்கலாகத் தெரிகிறது என்று லேப்டாப்பைத் திட்டுவார்கள்.

கடைசியாக மாமா வீடு. மூடுபனியில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது, அது காற்றைவிடச் சூடாக இருப்பதால் ஈரம் படியாது. ராத்திரி அணைத்து ஜன்னலோரம் வைப்பதுதான் தப்பு. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்ட பைக்குள் வையுங்கள். மழைவிட்ட மாலையில் விளக்கைத் தேடி வரும் ஈசல் விசிறி வழியே உள்ளே போய்ச் சிறகை உதிர்க்கும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினி ரிலேயில் சிக்கிய விட்டில்பூச்சியைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டியே வைத்தார்கள். மென்பொருள் பிழையை 'பக்', அதாவது பூச்சி, என்பார்களே; உங்கள் குழுவுக்கு அடுத்த கிண்டல் இதில் தயார். ஈசல் பறக்கும் அந்த அரைமணி நேரம் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி வேலை பாருங்கள்.

பழைய தோட்ட வீடுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்கு எர்த் இணைப்பு இல்லாமலே இருக்கும். சார்ஜ் ஏறும்போது உலோக மூடியை விரலால் தடவினால் எறும்பு ஊர்வது போல் குறுகுறுக்கும். அடாப்டரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது, வழக்கமாக எர்த் வழியே போய்விடும். லேப்டாப் பழுது என்று சர்வீஸ் சென்டருக்கு மலை இறங்காதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்டுவிட்டு, அப்புறம் சார்ஜில் போடுங்கள்.