அறிவியல் கண்காட்சிப் பரிசுக்கு சீட் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் ஊர்க் குளத்துத் தண்ணீரைப் பரிசோதித்து அவள் செய்த ஆய்வுக்கு அறிவியல் கண்காட்சியில் மாநில அளவில் பரிசு கிடைத்தது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இதற்கு மதிப்பு உண்டா? பணம் கட்டினால் அவள் பெயரில் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டுத் தருவதாகவும், அமெரிக்கக் கல்லூரியில் இடம் உறுதி என்றும் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் கவுன்சிலிங்கில் அந்தப் பரிசுக்கு ஒரு மார்க்கூடக் கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடும் கட்-ஆஃப்தான் அங்கே கணக்கு. விளையாட்டில் சாதித்தவர்களுக்காவது தனி ஒதுக்கீடு இருக்கிறது, ஆய்வு செய்த பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை, இது எனக்கு வருத்தமான விஷயம்தான். மெடிக்கலுக்கு நீட், ஐஐடிக்கு ஜேஇஇ, அங்கேயும் கண்காட்சிப் பரிசைக் கேட்க மாட்டார்கள்.

கணிதம், அறிவியல் பாடங்களில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் ஒலிம்பியாட் போட்டிகள் வேறு. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம், தேசிய ஒலிம்பியாடில் சிறப்பாகச் செய்தவர்களை நுழைவுத் தேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்வதுண்டு. சென்னை ஐஐடியும் 2025-இல் ஒலிம்பியாட் மாணவர்களுக்கென்று தனி வழி திறந்தது. ஒன்றைக் கவனியுங்கள், பள்ளிகளில் கட்டணம் வாங்கி நடத்தும் தனியார் 'ஒலிம்பியாட்' தேர்வுகள் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் முன்னின்று நடத்துகிறதே, அந்த வரிசைதான்.

அமெரிக்காவில் மார்க்கோடு நிறுத்த மாட்டார்கள் என்பது உண்மை. அங்கே உள்ள எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) விண்ணப்பத்தில் ஆய்வு செய்தவர்கள் அதை இணைக்கத் தனி இடமே உண்டு. ஆனால் இடம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது, பள்ளி மாணவர்களின் ஆய்வுகளுக்காக உலக அளவில் நடக்கும் ஐசெஃப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கே அப்படி ஒரு உறுதி கிடையாது. அதனால் தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். பதினாறு வயதுப் பெண்ணின் பெயரை, அவள் எழுதாத கட்டுரையின் தலையில் போடுகிறார்கள். நாளைக்கு ஒரு பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து இந்த அளவை ஏன் எடுத்தாய், இந்த எண் ஏன் கூடியது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சொந்தமாகச் செய்த குளத்து வேலையைப் பற்றி என்றால் மணிக்கணக்கில் பேசுவாளே!

அதையே தொடரச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், அப்புறம் கோடையிலும் தண்ணீரை எடுத்துப் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கட்டும், தப்பாக வந்த அளவையும் அடிக்காமல் வைக்கட்டும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால் நிச்சயம் குறை சொல்வார், அதுதான் வேண்டும். ஐசெஃப்புக்கு இந்திய மாணவர்களை அனுப்பும் ஐரிஸ் தேசியக் கண்காட்சிக்கும் விண்ணப்பிக்கலாம். வெளிநாடு என்று முடிவானால் உதவித்தொகையையும் இப்போதே விசாரியுங்கள், பல அமெரிக்கக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்த்துத்தான் இடம் தருகின்றன.

கேள்வி: அறிவியல் மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் கேவிபிஒய் தேர்வு இப்போதும் உண்டா? என் பையனுக்காகக் கேட்கிறேன்.
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. 2022-இல் அதை மத்திய அரசின் இன்னொரு அறிவியல் உதவித்தொகைத் திட்டமான இன்ஸ்பையரோடு சேர்த்துவிட்டார்கள். ஆராய்ச்சிப் படிப்புதான் விருப்பம் என்றால் உங்கள் பையன் ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு எழுதட்டும், திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம்தான்.