வீடு கட்டி விற்கும் நிறுவனம் வாங்குகிற செங்கல், ஜல்லியில் கொத்தடிமை உழைப்பு கலக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நீங்கள் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் பொருள் கொள்முதல் பார்க்கிறீர்கள், வாங்கும் பொருளில் கொத்தடிமை உழைப்பு இல்லையென்று உறுதி கேட்டு வெளிநாட்டு முதலீட்டாளர் பக்கமிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் 2015-ல் வந்த நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் வியாபாரம் செய்கிற நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் வரும் வழியைப் பற்றி வருடாவருடம் அறிக்கை வெளியிட வேண்டும். அங்கே வீடு கட்டுகிறவர்களும் இதில் அடக்கம். அதற்காக "எங்களிடம் கொத்தடிமை இல்லை" என்று சப்ளையரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டால் வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். சூளைக்காரர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார்.

நான் காட்பாடியில் தனி வீடுகள் கட்டித் தருகிறேன். உங்கள் நிறுவனத்தோடு ஒப்பிட்டால் சின்ன ஆள். ஆனால் எனக்குக் கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது என்று தெரியும். லாரிக்காரரைக் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டார். செங்கல்லின் குழியைப் பாருங்கள், சூளையின் எழுத்து பதிந்திருக்கும். அதை வைத்து விசாரித்துக்கொண்டு நேரில் போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அப்படி ஒருமுறை நான் போன சூளையில் ஒரு இருளர் குடும்பம் கல் அறுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்குப் போகவேண்டிய வயதுப் பையன் பச்சைக்கல்லை, அதாவது இன்னும் சுடாத கல்லை, திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். "அட்வான்ஸ் எவ்ளோம்மா வாங்கினீங்க?" என்று கேட்டதும் அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தார். அவர் போன் பேச நகர்ந்த பிறகுதான் பதில் வந்தது. "கணக்கு அவுரு நோட்டுல இருக்குதுண்ணா. போன சீசன்லயே தீந்திருக்கணும். தீரல."

வாரச் செலவுக்கு என்று கொஞ்சம் கையில் கொடுப்பார்கள், மீதி எல்லாம் நோட்டில்தான். மழையில் பச்சைக்கல் கரைந்தால் அதுவும் இவர்கள் தலையில். அந்தப் பெண்ணின் தாயார் இறந்தபோது சாவுக்கு அவரை மட்டும் அனுப்பினார்களாம். புருஷனும் பையனும் சூளையிலேயே இருக்கவேண்டும். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

முதலாளி என்னிடம் நியாயம் பேசினார். "நான் இன்னா சார் கட்டியா போட்டிருக்கேன்? வாங்கின பணத்த வேலை செஞ்சு கழிக்கிறான்." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் இப்படிப்பட்ட கடனே செல்லாது. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கவேண்டியதும் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்பு என்று 1982-ல், ஆசிய விளையாட்டுக்கான கட்டடத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் கோட்டாட்சியருக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்து அந்தக் குடும்பத்துக்கு, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் என்று அரசு தரும் விடுவிப்புச் சான்று கிடைத்தது. "அவ்வளவு அக்கறை இருந்தால் கடனை நீயே கட்டி அனுப்பியிருக்கலாமே" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு, இங்கேயும் யாராவது கேட்பீர்கள். செல்லாத கடனுக்குப் பணம் வாங்குவதே அந்தச் சட்டத்தில் குற்றம். தவிர, நான் கட்டினால் அந்தப் பணம் அடுத்த குடும்பத்துக்கு அட்வான்ஸாகப் போகும்.

அட்வான்ஸ் வாங்கினாலே அடிமையா என்றால், இல்லை. என் கொத்தனார்களும் தீபாவளிக்கு வாங்குகிறார்கள். நாளைக்கே வேறு மேஸ்திரியிடம் போனால் நான் தடுக்க முடியாது, தடுக்கவும் மாட்டேன். அதனால் சூளையிலும் கல்குவாரியிலும் இதைத்தான் கேட்கவேண்டும்: சீசன் நடுவில் குடும்பத்தோடு ஊருக்குப் போகமுடியுமா? ஆதார், ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது? கணக்கு நோட்டு அவர்கள் கையிலும் ஒன்று உண்டா? மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். சாரத்துக்கு வாங்குகிற கழியை யார் வெட்டினார்கள் என்றும் கேளுங்கள். 2019 ஜூலையில் நெமிலி பக்கமும் காஞ்சிபுரம் பக்கமும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். நெமிலி அப்போது எங்கள் வேலூர் மாவட்டம்தான்.

சந்தேகம் வந்தால் முதலாளியிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். நேராக ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதுங்கள். குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப்போன்ற நிறுவனங்கள்தான் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு குறை என்று அடித்துப் பேசுகிறீர்கள், அந்தப் பணத்தையும் மூன்று மாதம் கழித்துத் தருகிறீர்கள். விறகு விலையைச் சூளைக்காரர் குறைக்க முடியாது, லாரி வாடகையைக் குறைக்க முடியாது. கல் அறுக்கிறவர் கூலியில்தான் கை வைப்பார். படிவம் அனுப்புவதற்கு முன்னால், நீங்கள் தரும் விலையில் சட்டப்படியான கூலி கட்டுப்படியாகுமா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்தக் குடும்பம் இப்போது சொந்த ஊரில் இருக்கிறது. உடனடி உதவி கிடைத்தது. மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் என்று இருந்தாலும், மீதித் தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு எப்போது முடியும்? பையனுக்குப் பழங்குடிச் சாதிச் சான்று கேட்டுப் போனால், தாத்தாவின் சான்று இருக்கிறதா என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சூளையிலும் மரம் வெட்டும் காட்டிலும் கிடந்த குடும்பத்துக்குத் தாத்தாவின் காகிதம் எங்கிருந்து வரும்? இருளர் தெருவுக்கு நேரில் வந்து விசாரித்துக் கொடுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம். இதுவரை யாரும் வரவில்லை.