பொங்கலோடு போகும் சபதம்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எடையைக் குறைப்பதாகச் சபதம் எடுக்கிறேன். பொங்கல் வரைகூடத் தாங்குவதில்லை. உங்கள் படத்தைப் பார்த்தால் இளைத்திருப்பது தெரிகிறது. எப்படி முடிந்தது? (வாசகர், திருமங்கலம்)

பதில்: சர்க்கரைப் பொங்கலும் வடையும் இரண்டு வாரத்தில் வரப்போகின்றன என்று தெரிந்தே ஆரம்பித்தால் சபதம் என்ன செய்யும், பாவம்! நான் ஆரம்பித்தது ஒரு ஆடி மாதம். நாள் பார்க்கவில்லை. குளிக்கும்போது அரைஞாண் கயிறு அறுந்து விழுந்தது. சும்மா அளந்து பார்த்தேன்: 41 அங்குலம். அதுவும் தொப்பைக்குக் கீழே கிடந்த கயிறு. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்தால் 43. நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை அங்குலம், பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

மறுநாள் விடிகாலை மதுரை மாரியம்மன் தெப்பக்குளம். வெளியே ஒரு சுற்று சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். மூன்று சுற்று நடந்தேன். ஒரு மாதம் ஆகியும் இடுப்பு அசையவில்லை. நடை முடிந்ததும் கூட்டாளிகளோடு டீக்கடை, இரண்டு உளுந்த வடை. நடந்து கரைத்தது 200 கலோரி சொச்சம்தான். அதை வடை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டது. ‘வடைக்குத்தான் நடக்கப் போறீங்களா?’ என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.

அப்புறம் டீயில் கை வைத்தேன். அலுவலகத்தில் ஐந்து டீ, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கூட்டினால் 50 கிராம், 200 கலோரி. மூன்று சுற்று நடையை உட்கார்ந்த இடத்திலேயே குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! சர்க்கரையை நிறுத்திய முதல் வாரம் டீ கஷாயமாக இருந்தது. மூன்றாம் வாரம் யாருடைய டீயோ கை மாறி வந்தது; ஒரு வாய் குடித்தால் பாயசம்.

நடை மட்டும் போதாது, வயது ஏற ஏறத் தசை குறையும் என்றார் டாக்டர். ஜிம்முக்குப் போகக் கூச்சம். பிள்ளையாருக்கு மூன்று தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தவன் 20 ஆக்கினேன். முதல் நாள் கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்தது தனிக் கதை; அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

பதினொரு மாதத்தில் 84 கிலோ 75 ஆனது. அறுந்த கயிற்றை இன்னும் வைத்திருக்கிறேன். கட்டிப் பார்த்தால் நான்கு விரற்கடை மிச்சம். தொப்புள் மட்டத்தில் 39. எல்லைக்குள் இன்னும் வரவில்லை. நீங்கள் இந்த வருடம் பொங்கலை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, காணும் பொங்கல் கழித்து ஆரம்பியுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கேள்வி: ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிறார்களே, கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா? (வாசகி, தேனி)

பதில்: அது தானாகப் போய் எதையும் கரைக்காது. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் உண்டு, சீக்கிரம் பசிக்காது. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கொள்ளு ரசம் குடித்தால் அதுவும் கணக்கில் ஏறும்.

கேள்வி: இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: தாராளமாக. ஆனால் 100 கிராம் அரிசியும் 100 கிராம் கோதுமை மாவும் ஏறக்குறைய ஒரே கலோரிதான். எங்கள் வீட்டில் சப்பாத்தி என்றால் குருமா, குருமா என்றால் ஆறு சப்பாத்தி. எனக்குச் சோறே தேவலை.